வயிற்றுளைவு வராத படைவீரன்



2011 மே மாதம். ஜேர்மனியில் சலாட் சாப்பிடவே ஆட்கள் பயந்த நாட்கள். ஈ. கோலி என்ற பக்டீரியா பரவி 3,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் வெள்ளரிக்காயைச் சந்தேகித்தார்கள். கடைசியில் பிடிபட்டது எங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கும் பொருள்: முளைவிட்ட வெந்தயம். நான் அப்போது பல்கலைக்கழக மாணவன். செய்திகளில் ஈ. கோலி என்ற பெயர் விஷம் என்பதுபோலவே ஒலித்தது.

ஆனால் இதே நாட்டில், இதே ஈ. கோலி இனத்தைச் சேர்ந்த இன்னொரு பக்டீரியா பார்மசிகளில் குளிசையாக விற்கப்படுகிறது. அதற்கு இப்போது நூறு வயதுக்கு மேல்.

முதலாம் உலகப் போர்க் காலத்துக்குப் போவோம். பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டது 1928இல்தான். அதற்கு முன் போர்முனையில் குண்டுக்குத் தப்பியவனையும் வயிற்றுளைவு கொன்றது. பிரைபூர்க் நகரில் அல்பிரட் நிஸ்லே என்ற வைத்தியர் ஒரு பரிசோதனை செய்துகொண்டிருந்தார். வெவ்வேறு மனிதர்களின் குடலிலிருந்து எடுத்த ஈ. கோலியை நெருப்புக் காய்ச்சல் கிருமியோடு கலந்து வளர்த்தார். சிலருடைய ஈ. கோலி அந்தக் கிருமியை அடக்கியது, சிலருடையது தோற்றுப்போனது.

அப்படியானால் பலமான ஈ. கோலியை எங்கே தேடுவது? 1917இல் ஒரு படைவீரனிடம் அது கிடைத்தது. தென்கிழக்கு ஐரோப்பாவின் டொப்ருஜா பகுதியில் வயிற்றுளைவு பரவியபோது அவனும் அங்கே இருந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் நோயாளிகளை ஆராய்ந்த காலத்தில், நோய் வராதவனின் மலத்தை ஆராய்ந்தார் நிஸ்லே. அதில் கிடைத்த பக்டீரியாவை வளர்த்து, ஜெலட்டின் உறைக்குள் அடைத்து மருந்தாக்கினார். அதன் பெயர் முட்டாஃப்ளோர். அந்த பக்டீரியாவை இன்று ‘நிஸ்லே 1917’ என்று அழைக்கிறார்கள்.

அது எப்படி வேலை செய்கிறது? குடலில் இரும்புச்சத்துக்குப் பெரிய போட்டி. இரும்பு இல்லாமல் பெரும்பாலான கிருமிகள் பெருக முடியாது. நிஸ்லே பக்டீரியா அதைப் பிடித்து இழுப்பதில் கெட்டிக்காரன். சல்மொனெல்லாவுக்கு எதிராக இது உதவுவதை எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டின. மற்ற பக்டீரியாக்களைத் தாக்கும் சிறிய புரதங்களையும் அது சுரக்கிறது.

மனிதர்களிலும் சோதித்தார்கள். பெருங்குடல் புண் நோய் உள்ள 327 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2004இல் வெளியானது. நோய் திரும்பி வராமல் தடுப்பதில் இது வழக்கமான மருந்துக்கு ஏறக்குறைய ஈடாக நின்றது.

இந்தக் கதாநாயகனுக்கும் இன்னொரு பக்கம் உண்டு. டிஎன்ஏயைச் சேதப்படுத்தக்கூடிய கொலிபக்டின் என்ற பொருளைச் செய்யும் மரபணுக்கள் இதற்குள்ளும் இருக்கின்றன. அதைப் பற்றிய ஆய்வுகள் தொடர்கின்றன.

நான் வேலை செய்யும் மென்பொருள் உலகில் பெயர் மட்டும் போதாது, எந்த வெர்ஷன் என்று கேட்போம். ஒன்று ஒழுங்காக ஓடும்; மற்றது எல்லாவற்றையும் உடைக்கும். பக்டீரியாவிலும் அப்படித்தான். 2011இல் கொன்றதும் 1917இல் காத்ததும் ஒரே இனம், வகைதான் வேறு.

ஆகவே ‘பழஞ்சோறும் தயிரும் எல்லா வயிற்று நோயையும் தீர்க்கும், நம் முன்னோர் அன்றே சொன்னார்கள்’ என்று குடும்ப வட்ஸ்அப்பில் செய்தி வந்தால், சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள். அம்மம்மாவின் தயிர் நல்ல உணவு. ஆனால் அதிலிருக்கும் பக்டீரியா எந்த வகை, எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லை. கடையில் விற்கும் விலை கூடிய புரோபயோடிக் போத்தலிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள்: எந்த வகை? எந்த நோய்க்கு? எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? பதில் இல்லாவிட்டால் அதுவும் வெறும் உணவுதான், விலைதான் அதிகம்.

நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், இந்தக் குளிசைகள் எதையும் கொடுக்கும் முன் வைத்தியரிடம் கேளுங்கள். உயிருள்ள பக்டீரியா அவர்களுக்கு ஆபத்தாகவும் மாறலாம்.