குளக்கட்டும் கணக்கும்

வன்னிப் பெருநிலப்பரப்பில் ஓர் ஊரின் வரலாற்றை அறிய விரும்புவோர் முதலில் அவ்வூரின் குளத்தைக் காணல் வேண்டும். முல்லைத்தீவு மாவட்டத்துத் துணுக்காய்ப் பகுதியில் அமைந்த மல்லாவிக்கு அக்குளம் வவுனிக்குளமாகும். பாலியாற்றை மறித்துக் கட்டப்பெற்ற அப்பழங்குளம் நெடுங்காலம் பாழடைந்து காடுமண்டிக் கிடந்தது. 1950களில் அது திருத்தப்பெற்றபின், அதன் நீரை நம்பிக் குடியேற்றங்கள் எழுந்தன. மல்லாவி வளர்ந்தது அவ்வாறே.

குளத்து நீர் எல்லார்க்கும் பொது. ஆயினும் துருசைத் திறப்பவர் ஒருவர். வாய்க்காலின் கடைசி வயலில் நின்று நீரை எதிர்பார்த்திருப்பவர் வேறொருவர். இருவருக்குமிடையே பொறுப்பாளர் சிலர் தேவைப்படுகின்றனர். அவர்களைத் தெரிவு செய்வது ஒருநாள் வேலை. தெரிந்தெடுத்தபின் அவர்களைக் கேள்வி கேட்பது எங்ஙனம் என்பதே கடினமான வினா. இவ்வினா இன்று தோன்றியதன்று.

தமிழ்நாட்டில், காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் இதற்கு ஒரு விடை கூறுகின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். எடுத்த ஓலையை வாங்குபவர் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும் என்றுகூட விதித்தனர். கைக்குள் வேறோர் ஓலை மறைந்திருக்கலாம் என்ற ஐயம் அக்காலத்திலேயே இருந்தது போலும்! இவ்வாறு அமைந்த வாரியங்களுள் ஏரி வாரியம் அறுவர் கொண்டது. ஏரியைக் காப்பது அவர்தம் கடமை. பதவிக்காலம் 360 நாள்கள்.

மேடைகளில் இக்குடவோலை முறையை மக்களாட்சி என்று புகழ்வோர் பலர். அது முற்றும் பொருந்தாது. அஃது அந்தணர் சபை, வரிசெலுத்தும் நிலம் உடையார்க்கே இடம், பெண்களுக்கு இடமில்லை, அங்கு நடந்தது வாக்களிப்பும் அன்று, திருவுளச் சீட்டே. அதனினும் கருதத்தக்கது பிறிதொரு விதி. முன்னர் வாரியஞ்செய்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடத்தில் பெயர் இடப்பெறார். அவர் மட்டுமன்று, அவருடைய தாய்வழி, தந்தைவழி, மனைவிவழி உறவினர் பலரும் விலக்கப்பட்டனர். ஒருவர் பிழைக்கு உறவினரைத் தண்டித்தல் இன்றைய நீதிக்கு ஒவ்வாது. ஆனால், தான் விலகித் தன் மைத்துனனை அமர்த்தும் தந்திரத்தை அச்சபையார் நன்கறிந்திருந்தனர் என்பது தெளிவு. பதவியிலிருக்கும்போதே குற்றம் கண்டால் உடனே நீக்கவும் இடமிருந்தது.

இலங்கையில் 1856இல், தேசாதிபதி ஹென்றி வார்ட் காலத்தில், நெற்காணிகளுக்கு நீர்பாய்ச்சும் பழைய வழக்கங்களை மீட்பதற்கெனச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதன்படி கமக்காரர் கூடித் தீர்மானிக்கலாம். ஒரு நூற்றாண்டின் பின், 1958ஆம் ஆண்டின் முதலாம் இலக்க நெற்காணிச் சட்டம், விவசாய அமைச்சர் பிலிப் குணவர்த்தனவின் முயற்சியால், பயிர்ச்செய்கைக் குழுக்களை உண்டாக்கியது. கமக்காரர் வாக்களித்துத் தெரிவு செய்த குழுக்கள் அவை. ஏக்கர் வரி திரட்டவும் சிறு குளங்களைப் பேணவும் உரிமை பெற்றன. குறைகள் பல இருந்தன; எனினும் குறைகூறப்பட்டவர் அடுத்த வீட்டுக்காரராய் இருந்தார். 1973இல் வந்த விவசாயக் காணிச் சட்டம் இந்நிலையை மாற்றியது. குழு உறுப்பினரை அமைச்சரே நியமிக்கலாயினர். பெயர் பழைய பெயர்தான். ஆனால் உறுப்பினரின் பார்வை வாய்க்காலை விட்டுக் கொழும்பை நோக்கித் திரும்பியது. 1979ஆம் ஆண்டுக் கமநல சேவைச் சட்டத்தோடு அக்குழுக்களின் கதை முடிந்தது. கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது 1991இலேயே.

குளத்திற்கு நேர்ந்தது பிரதேச சபைக்கும் நேர்ந்திருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிறந்தவை இச்சபைகள். மல்லாவி துணுக்காய்ப் பிரதேச சபைக்கு உட்பட்டது. தவிசாளரின் வரவுசெலவுத் திட்டம் இருமுறை தோற்கின் அவர் பதவி போகும் என்ற விதி பின்னர் வலுப்பெற்றது. 2020 டிசம்பரில் யாழ்ப்பாண மாநகர சபையில் முதல்வரின் பதவி இவ்வகையிலேயே போயிற்று. ஆனால் அது உறுப்பினர் கையிலுள்ள ஆயுதம், வாக்காளர் கையிலுள்ளதன்று. கட்சி ஓர் உறுப்பினரை விலக்கினால் அவர் இடத்தை இழக்க நேரிடும். வட்டாரத்து மக்கள் அனைவரும் ஒருமித்து வெறுத்தாலும் அவர் தவணை முடியும்வரை அமர்ந்திருக்கலாம். இது விசித்திரமான ஏற்பாடு. 2018 பெப்ரவரியில் நடந்த தேர்தலிலோ நூற்றுக்கு நாற்பது இடங்கள் பட்டியல் வழியே நிரப்பப்பட்டன. அவ்வாறு வந்தவருக்குக் கேள்வி கேட்கத் தனி வட்டாரமே இல்லை.

அச்சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. நடக்கவிருந்த தேர்தல் பணமில்லை என்ற காரணத்தால் நின்றது. தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறியதென 2024 ஆகத்தில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2025 மே 6ஆம் நாள் மக்கள் மீண்டும் வாக்களிக்கும்வரை, ஈராண்டுக்கு மேலாகச் சபைகளின் வேலையை அதிகாரிகளே பார்த்தனர். வீதி விளக்கு எரியவில்லையெனின் முறையிட ஓர் அலுவலகம் இருந்தது. அடுத்த தேர்தலில் பதில் சொல்லவேண்டியவர் எவரும் இருக்கவில்லை.

ஒன்று மட்டும் மிஞ்சியது. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டப்படி, எந்தக் குடிமகனும் சபையின் கணக்கை எழுத்துமூலம் கேட்கலாம். 14 வேலை நாள்களுள் முடிவு கூறுதல் வேண்டும். குளத்திலோ இதனினும் பழைய வழி உண்டு. ஒவ்வொரு போகத்திற்கும் முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. முதல் நீர் விடும் நாள், விதைப்பு முடியும் நாள், மாடுகளை வயல்வெளியினின்று அகற்றும் நாள் யாவும் அங்கே தீர்மானமாகின்றன. கடந்த போகத்தில் கடைசி வாய்க்காலுக்கு நீர் வராத கமக்காரர் அக்கூட்டத்தில் எழுந்து நின்றால், பொறுப்பாளர் தேர்தல் வரும்வரை காத்திருக்க முடியாது. அயலார் அனைவரும் பார்த்திருக்க, அங்கேயே விடைகூற வேண்டியிருக்கிறது.