பரியா, நரியா?

திருவிளையாடற் புராணம் படித்தவர்களுக்கு அந்த நள்ளிரவு நினைவிருக்கும். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன்னை வாதவூரர் திருப்பணியில் செலவிட்டுவிட்டார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டி வருகிறான். இலக்கணம் பார்த்து, நடை பார்த்து, கயிறு மாறி அரசன் அவற்றை வாங்கிக்கொள்கிறான். இரவில் அவை மீண்டும் நரிகளாகி, லாயத்தில் முன்பே நின்ற பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடுகின்றன.

இறையருளின் கதையாகவே இதை நான் வகுப்பில் பல ஆண்டுகள் நடத்தி வந்திருக்கிறேன். குதிரைகளின் வைரஸ் நோய்களைக் குறித்து வாசிக்க நேர்ந்த பிறகு, இதனுள் ஒரு பழைய வணிகக் கவலையும் ஒளிந்திருப்பதாகத் தோன்றுகிறது. கண்ணுக்குக் குறையில்லாத குதிரை உண்மையிலேயே குறையில்லாததுதானா?

அந்தக் கவலைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதினார். குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இங்கு வந்துவிடாதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டனர் என்பதும் அவருடைய குற்றச்சாட்டு. எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆயினும் கடல் கடந்து வந்த குதிரை இங்கே நெடுநாள் வாழவில்லை என்ற செய்தியில் ஐயமில்லை.

கண்ணை ஏமாற்றும் குதிரை நோய்களில் முதன்மையானது தொற்று இரத்தசோகை. பிரான்சில் 1843இல் இது விவரிக்கப்பட்டது. நுண்வடிகட்டியிலும் தங்காத ஒரு கிருமியே காரணம் என்பதை வல்லே, காரே என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் 1904இல் காட்டினர். காய்ச்சலும் சோகையும் வீக்கமும் வந்து சில குதிரைகள் மடியும். பிழைப்பவை தேறிவிடும், மேயும், ஓடும். ஆனால் கிருமி வாழ்நாள் முழுவதும் இரத்தத்தில் தங்கிவிடும். இரத்தம் உறிஞ்சும் பெரிய ஈக்களும் பொது ஊசிகளும் அதை அடுத்த குதிரைக்குக் கொண்டுபோகும். குணப்படுத்தும் மருந்து இன்றளவும் இல்லை.

ஐயத்துக்குரிய குதிரையை முன்பு சோதித்த முறை கொடியது. அதன் இரத்தத்தை நலமான வேறொரு குதிரைக்குச் செலுத்தி, காய்ச்சல் வருகிறதா என்று வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். ஒன்றின் உண்மையை அறிய இன்னொன்றைப் பலி கொடுக்க வேண்டும்.

1970இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிராய் காகின்ஸ், நார்கிராஸ் ஆகிய இருவரும் வேறொரு வழியைக் காட்டினர். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் கூழில் சிறு குழிகள் இட்டு, ஒன்றில் வைரஸ் புரதத்தையும் அடுத்ததில் குதிரையின் சீரத்தையும் வைத்தார்கள். சீரத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய வெண்கோடு தோன்றும். அந்தக் கோட்டை நம்பலாமா என்பதை, பழைய ஊசிச் சோதனையின் முடிவுகளோடு ஒப்பிட்டே உறுதி செய்தனர். புதிய உரைகல்லைப் பழைய உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பதைப் போன்றது இது. இன்றும் உலகெங்கும் இது காகின்ஸ் சோதனை என்றே வழங்குகிறது.

சோதனையையே சோதிப்பது ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்தாயிரம் குதிரைகளில் ஒன்றுக்கே நோய் இருப்பதாகவும், நோயற்ற நூறில் ஒன்றைச் சோதனை தவறாகக் குற்றம் சாட்டுவதாகவும் கொள்வோம். நோயுள்ள ஒன்றோடு ஏறத்தாழ நூறு நிரபராதிக் குதிரைகளும் அகப்படும். நோய் உறுதியான குதிரைக்குப் பல நாடுகளில் கொலை அல்லது வாழ்நாள் தனிமைதான் விதி. ஆகவேதான் எலைசா போன்ற நுட்பமான சோதனையில் சிக்கியதைக் காகின்ஸ் சோதனையால் மறுபடி உறுதி செய்கிறார்கள். எதிர்த்திசையிலும் பிழை உண்டு. தொற்றிய முதல் சில வாரங்களில் எதிர்ப்பொருள் உருவாகியிராது. அப்போது எடுக்கும் இரத்தம் பொய் சொல்லும்.

ஹரியானாவின் ஹிசாரில் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் 1985இல் தொடங்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1987இல், இந்தியாவில் இந்நோய் தலைகாட்டிய செய்தி வெளியாயிற்று. ஹிசார் ஆய்வாளர்கள் இந்த வைரஸின் பி26 என்ற புரதத்துக்குரிய மரபணுவைச் செயற்கையாக அமைத்து, அதைக் கொண்டு ஆக்கிய புரதத்தால் காகின்ஸ் முறைக்கும் எலைசாவுக்கும் உரிய சோதனைகளை உருவாக்கிச் சரிபார்த்து, 2013இல் வெளியிட்டனர். உயிருள்ள வைரஸை வளர்க்காமலே அதன் அடையாளத்தை மட்டும் ஆக்கிக்கொண்ட உத்தி இது.

ஹிசார் எங்கே, நாம் எங்கே என்று திருவள்ளூர்க்காரர் கேட்கலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைத் தாண்டினால் வயலும் ஏரிக்கரையும்தான். அங்கே கண்ணாடி விரியன் தீண்டியவருக்கு மருத்துவமனையில் ஏற்றப்படும் நச்சுமுறி மருந்து, குதிரையின் இரத்தத்திலிருந்து வருவது. வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் பாம்பின் நஞ்சை எடுத்து மருந்து நிறுவனங்களுக்குத் தருகிறது. நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். இருளர் குடியிருப்புகள் நிறைந்த இம்மாவட்டத்தில், நஞ்செடுக்கும் கையும் அதற்கு மாற்றைத் தேடும் கையும் ஒரே இனத்தின் கைகளாய் இருப்பதுண்டு. நடுவில் நிற்கிறது பெயரில்லாத ஒரு குதிரை.

அந்த லாயத்தில் ஊசியும் இரத்தமும் அன்றாடப் பொருள்கள். தொற்று இரத்தசோகை மனிதருக்கு வருவதில்லை. ஆனால் ஒரு குதிரை அதை ஒளித்து வைத்திருந்தால் லாயமே அழியக்கூடும்; மருந்தின் ஊற்றும் வற்றும். 2006இல் அயர்லாந்தில் இந்நோய் பரவியபோது, இத்தாலியிலிருந்து வந்து குட்டிகளுக்குச் செலுத்தப்பட்ட குதிரைப் பிளாஸ்மாவே மூலம் என்று கருதப்பட்டது. காக்க வந்த மருந்தே நோயைக் கொண்டுவந்தது.

பாண்டியன் கண்ணால் கண்டதை நம்பிக் கயிறு மாறினான். நம் காலம் வெண்கோட்டைப் பார்த்துக் கயிறு மாறுகிறது. கோடும் பிழைபடும் என்று அறிந்தவர்கள் அதை மறுபடி மறுபடி உரைத்துப் பார்க்கிறார்கள். நரியைப் பரியென்று ஏற்றுக்கொண்டதால் லாயம் அழிந்தது கதை. பரியை நரியென்று முடிவுகட்டிக் கொன்றால் அதைச் சொல்ல எந்தப் புராணமும் எழப்போவதில்லை. சரிபார்ப்பு என்ற உணர்ச்சியற்ற சொல்லுக்குள் அந்தக் குதிரையின் உயிரும் இருக்கிறது.