கொச்சிச் சலவைத்துறை கூறும் கணக்கு

பெரியோர் சென்ற நெறியில் ஒழுகுவதை அவர்தம் அடிச்சுவட்டில் நடத்தல் என்று கூறுவது தமிழ் மரபு. நம் மொழியில் சுவடு என்பது பின்வருவோர்க்கு வழிகாட்டுவது. அது அழியாதிருப்பதே சிறப்பு. ஆனால், சென்ற நூற்றாண்டின் இறுதியில் எழுந்த ஓர் அறிவியல் வழக்கின்படி, சுவடு எத்துணைச் சிறிதோ அத்துணை நன்று. ஒருவர் உண்பதையும் உடுப்பதையும் விளைவித்துத் தரவும், அவர் பொருட்டு எரியும் எரிபொருளின் கரியமில வாயுவை ஈர்த்துக்கொள்ளவும் எவ்வளவு நிலமும் நீர்ப்பரப்பும் வேண்டும் என்று கணிப்பதே சூழலியல் காலடிச் சுவடு எனப்படுவது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ரீஸ் என்பார் 1992-இல் இக்கருத்தை வெளியிட்டார். அவருடைய மாணவர் மத்தீஸ் வாக்கர்நாகல் கணக்கிடும் முறையை விரிவாக வகுத்தார். 1996-இல் இருவரும் இணைந்து இதனை நூலாக்கினர். இக்கணக்கின்படி, உலகில் ஆளுக்குக் கிடைக்கக்கூடிய வளமான பரப்பு ஏறத்தாழ ஒன்றரை ஹெக்டேர். அமெரிக்கர் ஒருவரின் சராசரிச் சுவடோ ஏழு ஹெக்டேருக்கும் மேல். இந்தியருடையது ஒரு ஹெக்டேரைச் சற்றே கடந்தது. மனிதகுலம் முழுவதும் இன்று செலவிடுவதை ஈடுசெய்ய ஏறக்குறைய ஒன்றே முக்கால் பூமி வேண்டும்.

இச்சிந்தனை நமக்கு முற்றிலும் புதிதன்று. 1892-இல் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா, நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றி 1945-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில், இயற்கையின் வருவாயைக் கொண்டு வாழ்வதையும் அதன் கையிருப்பைக் கரைத்து வாழ்வதையும் வேறு பிரித்துக் காட்டினார். நிலக்கரியும் மண்ணெண்ணெயும் கையிருப்பு. எடுக்க எடுக்கக் குறைவன. முறையாகப் பேணப்படும் காடும் ஓடும் நீரும் வருவாய், ஆண்டுதோறும் வருவன.

இவ்வேறுபாட்டைக் கண்ணாரக் காண விரும்புவோர், மட்டாஞ்சேரிக்கு அண்மையில், கோட்டைக் கொச்சியின் வெளி மைதானத்தையொட்டிய சலவைத்துறைக்குச் செல்லலாம். அங்கே தொழில் புரிவோர் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய வண்ணார் சமூகத்தார். 1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள், தம் படைவீரரின் சீருடைகளை வெளுப்பதற்காகத் தம் முன்னோரை அழைத்து வந்தனர் என்பது அவர்களிடையே வழிவழியாக வழங்கும் செய்தி. டச்சுக்காரர் சென்றனர், 1795-இல் வந்த ஆங்கிலேயரும் சென்றனர், வெளுப்பவர் மட்டும் தமிழையும் தொழிலையும் விடாது நிலைத்தனர். இப்போதுள்ள கூடம் 1976-இல் கட்டப்பெற்றது. கல்லில் துவைத்த துணிகளுக்கு அரிசிக் கஞ்சி போட்டு, வெயிலில் உலர்த்துகின்றனர். கொடியாகக் கட்டுவது இரு புரிகளை முறுக்கிய கயிறு, அப்புரிகளின் இடையே துணியின் முனையைச் செருகிவிட்டால் காற்றில் பறக்காது, கவ்வியும் வேண்டுவதில்லை.

இங்குத் துணியை உலர்த்துவது கதிரவன். அதே வேலைக்கு மின் உலர்த்தி ஒரு முறை ஓடினால் இரண்டு மூன்று யூனிட் மின்சாரம் செலவாகும். நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தே பிறக்கின்றது. குமரப்பாவின் சொற்படி, கொடி வருவாயில் வாழ்கின்றது. உலர்த்தி கையிருப்பைக் கரைக்கின்றது.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் முறையன்று. சுவட்டுக் கணக்கு நிலத்தை அளக்கின்றது. நாள் முழுவதும் நீரில் நின்று குனிந்து துவைப்பவரின் முதுகுவலியை அது அளப்பதில்லை. மழைக்காலத்தில் துணி உலராது வருவாய் குன்றுவதையும் அது அறியாது. இந்தியரின் சராசரிச் சுவடு சிறிதாயிருப்பதற்கு எளிமையினும் வறுமையே பெரிய காரணம். வறியவரின் இல்லாமையை நம் நாட்டின் நற்குணமாக எண்ணி, மாதச் சம்பளத்தில் வசதியாக வாழும் நாம் மனநிறைவு கொள்ளலாகாது. நம்முடைய தனிச்சுவடு அந்தச் சராசரியைக் கடந்திருக்கவே வாய்ப்பு மிகுதி.

ஆகவே, வெளிமாநிலங்களில் வாழும் தமிழன்பர்கள் தத்தம் இல்லத்திற்கு ஒரு கணக்கேடு வைத்தல் நன்று. மாதந்தோறும் செலவான மின்சார யூனிட்டுகள், எரிவாயு உருளை நீடித்த நாட்கள், வண்டிக்கு ஊற்றிய பெட்ரோல், ஊருக்குச் சென்ற பயணம் இரயிலிலா விமானத்திலா என்பது, வீணாகிக் கொட்டிய உணவு ஆகிய ஐந்தையும் குறித்து வந்தால் போதும். மூன்று மாதங்களில் எது மிகுதி என்பது விளங்கிவிடும். அதனை முதலில் குறைக்கலாம். தொலைவிலுள்ள சொந்த ஊருக்கு விமானத்தில் செல்வதைத் தவிர்த்து இரயிலில் செல்லும் ஒரு பயணம், பல மாதங்கள் விளக்கணைத்துச் சேர்ப்பதைவிட மிகுதியாகச் சேர்க்கும்.

கையால் வெளுப்பவரிடம் துணி கொடுப்போர், பேரம் பேசாது உரிய கூலியையும் கொடுத்தல் வேண்டும். நம் சுவடு சிறுத்ததன் சுமை மற்றொருவர் தோளில் ஏறுமாயின், அது குறைவாகாது, இடமாற்றமே ஆகும்.