பாணும் பசியும்: சீலியாக் நோயின் சமூக வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

மருத்துவக் கண்டுபிடிப்புகளைத் தனிமனித மேதைமையின் விளைவாகவோ தற்செயலின் கொடையாகவோ காட்டுவது மரபுவழி வரலாற்றெழுத்தின் இயல்பாகும். இவ்விரு விளக்கங்களும் போதாதவை என்பதைச் சீலியாக் நோயின் வரலாறு தெளிவாக உணர்த்துகின்றது.

பண்டைய கிரேக்க வைத்தியர் அரேத்தாயஸ் இந்நோயை ஒத்த வயிற்றுக் கோளாறொன்றை விவரித்துள்ளார். 1888இல் இலண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ, இதற்குப் பரிகாரம் உண்டெனின் அது உணவு வழியே அமையும் என்றார். எவ்வுணவு என்பதை அவரால் கூற இயலவில்லை. 1924இல் அமெரிக்கரான சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவால் குழந்தைகளைத் தேற்றினார். விலக்கப்பட்ட பாணே அக்குழந்தைகளைக் காத்தது. புகழோ வாழைப்பழத்தைச் சேர்ந்தது. பாண் ஐரோப்பிய வாழ்வின் அடிப்படை உணவு. அடிப்படையானதை ஐயுறுதல் எளிதன்று.

ஒல்லாந்தின் ஹேக் நகரில் குழந்தை மருத்துவராயிருந்த வில்லெம் கரெல் டிக்கே 1930களிலேயே அவ்வையத்தைக் கொண்டிருந்தார். 1944 செப்டெம்பரில் நேச நாட்டுப் படைகளுக்குத் துணையாக ஒல்லாந்துப் புகையிரதத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அதற்குப் பழிவாங்கு முகமாக யேர்மன் ஆக்கிரமிப்பாளர் மேற்கு ஒல்லாந்துக்கான உணவுப் போக்குவரத்தைத் தடுத்தனர். அக்குளிர்காலப் பஞ்சத்தில் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். மக்கள் தியூலிப் பூக்கிழங்கையும் உண்டனர். ஊரே மெலிந்த அவ்வேளையில் சீலியாக் குழந்தைகள் தேறினர். பாண் மீண்டும் கிடைத்தபோது மீண்டும் நோயுற்றனர்.

எனினும், பஞ்சமே உண்மையைக் கண்டறிந்தது எனல் பொருந்தாது. வினா முன்னரே எழுந்திருந்தமையாலேயே அவலம் விடையாயிற்று. அதனை அறிவியலாக நிறுவியது போருக்குப் பிந்திய கூட்டுழைப்பாகும். டிக்கே, வெய்யர்ஸ், வான் டி காமர் ஆகியோர் உணவை மாற்றி மாற்றி வழங்கி, மலத்துடன் வெளியேறும் கொழுப்பை அளந்தனர். 1950இல் டிக்கேயின் ஆய்வேடு வெளிவந்தது. 1952இல் பேர்மிங்ஹாம் ஆய்வாளர், தீங்கிழைப்பது கோதுமையின் மாப்பொருளன்று, குளூட்டன் என்னும் புரதமே எனக் காட்டினர்.

மரபுவழிச் சார்பு உடையோரிடத்துக் குளூட்டன் உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டுகின்றது, சிறுகுடலின் சடைமுளைகள் சிதைகின்றன, போசணை உறிஞ்சப்படுவதில்லை. வயிற்றோட்டம், இரத்தச்சோகை, வளர்ச்சிக் குறைவு முதலியன தொடர்கின்றன. இரத்தப் பரிசோதனையும் குடல் இழையப் பரிசோதனையும் நோயை உறுதிசெய்வன. இவற்றிற்கு முன் கோதுமையைக் கைவிடின் முடிவு பிழைக்கக்கூடும். கோதுமை, பார்லி, றை ஆகியவற்றை வாழ்நாள் முழுதும் விலக்குதலே சிகிச்சை. அரிசி, சோளம், தினை ஆகியவை ஏற்புடையன.

மருந்து உணவாகவே அமையும்போது சிகிச்சை சந்தைக்கு உட்படுகின்றது. குளூட்டன் அற்ற பாண் சாதாரண பாணைவிடப் பன்மடங்கு விலையுடையது. இத்தாலியில் நோயாளருக்கு இவ்வுணவுக்கென அரசு மாதந்தோறும் உதவி வழங்குகின்றது. பல நாடுகளில் அச்சுமை குடும்பத்தின் தலையிலேயே விழுகின்றது. நோயின் காரணத்தை ஆய்வுகூடம் கண்டறிந்துவிட்டது. அவ்வறிவின் பயனை யார் அடைவர் என்பதோ இன்றும் சமூக அமைப்பாலேயே தீர்மானிக்கப்படுகின்றது.