பழைய பிக்கப் வண்டியும் பாஹா பாலைவனமும்

பதிவு கொஞ்சம் நீளம். ஒரே மூச்சில் படிக்க முடியாதவர்கள் இரண்டு தடவையாகப் படியுங்கள்.

என்னிடம் எட்டாம் வகுப்பு வரை படித்து, இன்று சொந்தமாக லாரிப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் போன மாதம் போன் செய்தார். "சார், அமெரிக்காவுல முப்பது வருஷப் பழைய பிக்கப்பை வாங்கி, பிரிச்சு மாட்டி, பாலைவனத்துல பந்தயம் விடுறாங்க. கோடீஸ்வரங்க இல்ல சார், நம்மள மாதிரி பட்டறைக்காரங்க. இது எப்படி ஆரம்பிச்சதுன்னு எழுதுங்க" என்றார். வண்டி வேலையை அவர் எனக்கு விளக்கினார், வரலாற்றை நான் தேடிப் படித்தேன். இரண்டும் சேர்ந்ததுதான் இந்தப் பதிவு.

முதலில் நிலப்படம். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிபோர்னியா மாநிலத்துக்குக் கீழே, மெல்லிய வால் போல ஒரு தீபகற்பம் தொங்கும். அது மெக்சிகோ நாட்டைச் சேர்ந்த பாஹா கலிபோர்னியா. பாஹா என்றால் ஸ்பானிய மொழியில் 'கீழ்' என்று பொருள். இரண்டு பக்கமும் கடல் இருந்தும் ஏன் பாலைவனம் என்று வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் விழிப்பீர்கள். மேற்கே வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த கடல் நீரோட்டம்தான் முக்கியக் காரணம். குளிர்ந்த நீருக்கு மேலே இருக்கும் காற்று மேலெழும்பாது. மூடுபனி வரும், மழை வராது. அங்கே மண் சில இடங்களில் முகப்பவுடரைப் போல நைசாக இருக்கும். சக்கரம் அச்சு வரை இறங்கிவிடும். முன்னால் போகிற வண்டி கிளப்பும் புழுதியில் பின்னால் வருகிறவனுக்குத் தன் வண்டியின் பானெட்டே தெரியாது.

1962இல் ஹோண்டா நிறுவனம் தன் 250 சிசி மோட்டார் சைக்கிளின் உறுதியை அமெரிக்கர்களுக்குக் காட்ட விரும்பியது. டேவ் எகின்ஸ், பில் ராபர்ட்சன் என்ற இருவர் வடக்கே டிஹுவானா நகரிலிருந்து தெற்கே லா பாஸ் வரை, ஏறக்குறைய 1500 கிலோமீட்டர் ஓட்டினார்கள். சாட்சிக்கு யார்? புறப்பட்ட ஊரில் ஒரு தந்தி, சேர்ந்த ஊரில் ஒரு தந்தி! எகின்ஸ் எடுத்துக்கொண்ட நேரம் 40 மணிக்குச் சற்றே குறைவு. ராபர்ட்சனின் இன்ஜினுக்குள் புழுதி புகுந்து, இரட்டை சிலிண்டர் வண்டி ஒற்றை சிலிண்டரில் நொண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. இந்தச் செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாஹாவில் வண்டியைத் தோற்கடிப்பது பெரும்பாலும் இன்னொரு வண்டி அல்ல.

1967 ஏப்ரலில் புரூஸ் மேயர்ஸும் டெட் மாங்கெல்ஸும் ஃபோக்ஸ்வேகன் உதிரிபாகங்களும் கண்ணாடியிழைக் கூடும் கொண்ட ஒரு சின்ன 'பக்கி' வண்டியில் அதே வழியை 34 மணி 45 நிமிடத்தில் கடந்தார்கள். நாலு சக்கரம் இரண்டு சக்கரத்தை வென்றுவிட்டது என்று பேச்சு கிளம்பியது. அந்த ஆண்டே எட் பெர்ல்மன் என்பவர் 'நோரா' என்ற அமைப்பை ஏற்படுத்தி, 'மெக்சிகன் 1000' என்ற பெயரில் முறையான பந்தயம் நடத்தினார். 68 வண்டிகள் கலந்துகொண்டன. விக் வில்சனும் மாங்கெல்ஸும் 27 மணி 38 நிமிடத்தில் வந்து வென்றார்கள். வழியில் இன்றைக்கு இருப்பது போலப் பெட்ரோல் பங்க் கிடையாது. டிரம்மில் வைத்திருக்கும் பெட்ரோலைத் தோல்துணியில் வடிகட்டி ஊற்றிக்கொள்ள வேண்டும்.

இனி பிக்கப் கதைக்கு வருகிறேன். 1965ஆம் ஆண்டு மாடலில் ஃபோர்டு நிறுவனம் தன் பிக்கப் வண்டிகளின் முன்பக்கத்தில் ஒரு மாற்றம் செய்தது. அதுவரை லாரிகளில் இருப்பது போல இரண்டு முன்சக்கரங்களையும் இணைத்து ஒரே அச்சுதான். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மற்றதும் சேர்ந்து ஆடும். ஃபோர்டு அதை இரண்டு தனித்தனி இரும்பு உத்தரங்களாக்கியது. இடது சக்கரத்தின் உத்தரம் வண்டியின் வலப்பக்கத்தில் கீல் போட்டுத் தொங்கும். வலது சக்கரத்தினுடையது இடப்பக்கத்தில். கிணற்று ஏற்றத்தின் துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். துலா நீளமாக இருப்பதால் அதன் நுனி நிறைய தூரம் ஏறி இறங்க முடிகிறது. விவசாயிக்குச் சொகுசாக இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு, பாலைவனத்தில் மேடு பள்ளம் தாண்டுவதற்கு மிகவும் பொருந்திவிட்டது. ரேஞ்சர் என்ற சின்ன பிக்கப்பிலும் 1997 மாடல் வரை இதே அமைப்பு இருந்தது. பழைய ரேஞ்சரை இன்றும் பாலைவனக்காரர்கள் தேடி வாங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1969இல் ராட் ஹாலும் லாரி மைனரும் ஃபோர்டு பிராங்கோவில் ஒட்டுமொத்த முதலிடம் பெற்றார்கள். கடையில் விற்கும் வண்டிக்கு நெருக்கமான நாலு சக்கர இழுவை வண்டி அது. இரண்டே ஆண்டில் நிலைமை மாறியது. 1971இல் வென்ற பார்னெல்லி ஜோன்ஸின் 'பிக் ஓலி' வெளியே பார்க்க பிராங்கோ. உள்ளே முழுக்க முழுக்கக் குழாய்களால் பற்றவைத்த கூடு. பில் ஸ்ட்ரோப்பின் பட்டறையில் உருவான அது 15 மணிக்குச் சற்றே குறைவான நேரத்தில் தூரத்தைக் கடந்தது. மறு ஆண்டும் அதுவே வென்றது. அன்றிலிருந்து இந்தப் பந்தயத்தில் இரண்டு சாதி. பந்தயத்துக்கென்றே பிறந்த வண்டி ஒன்று, சந்தைக்குப் போய்க்கொண்டிருந்து பந்தயத்துக்கு வந்த வண்டி மற்றொன்று. என் மனம் இரண்டாவதின் பக்கம்தான்.

1973 டிசம்பரில் தீபகற்பம் முழுவதற்கும் தார்ச்சாலை போட்டு முடித்தார்கள். அதற்குப் பிறகு கரடுமுரடான வழியை வேண்டுமென்றே தேடிப் போக வேண்டியதாயிற்று. 1974இல் எரிபொருள் நெருக்கடியால் பந்தயம் நடக்கவில்லை. 1975 முதல் மிக்கி தாம்சன் தொடங்கிய 'ஸ்கோர்' அமைப்பு சால் ஃபிஷ் பொறுப்பில் 'பாஹா 1000' என்று நடத்தியது. 1979இல் வாக்கர் எவன்ஸ் டாட்ஜ் பிக்கப்பில் ஒட்டுமொத்த முதலிடம் பெற்றார். சரக்கு வண்டி என்று யாரும் ஏளனம் செய்ய முடியாமல் போனது. 1994இல் 'டிராஃபி டிரக்' என்ற பிரிவு வந்தது. அது பெயருக்குத்தான் டிரக். பல கோடி ரூபாய் விழுங்கும்.

ஆனால் கீழ்ப் பிரிவுகள் அழியவில்லை. பழைய பீட்டில் காருக்கென்று ஒரு பிரிவு, சின்ன பிக்கப்புக்கு ஒன்று, பெரிய பிக்கப்புக்கு ஒன்று என்று இருக்கின்றன. இவற்றில் வருகிறவர்கள் வாரம் முழுக்க வேறு வேலை பார்த்து, ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வண்டியைத் தயார் செய்கிறவர்கள்.

என்ன செய்வார்கள்? முதல் வேலை எடுத்தெறிவது. இருக்கை, கம்பளம், கண்ணாடி, ஏ.சி. எல்லாம் போய்விடும். அடுத்தது, உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு. வண்டி உருண்டால் கூரை நசுங்கும். கூண்டு நிற்க வேண்டும். அதைத் தகரத் தரையில் ஒட்டவைத்தால் பயனில்லை, சேஸிஸோடு சேர்த்துக் கட்ட வேண்டும். பிறகு உடம்பை ஐந்து இடத்தில் பிடிக்கும் பெல்ட், தீயணைப்பான். பெட்ரோல் டேங்குக்குப் பதிலாக உள்ளே ரப்பர் பையும் பஞ்சு போன்ற நுரையும் கொண்ட பெட்டி. மோதினாலும் அது சட்டென்று கிழிந்து கொட்டாது.

சேஸிஸில் விரிசல் விடும் இடங்களில் தகடு வைத்து வெல்டிங் செய்வார்கள். நான் சொன்ன உத்தரங்களை நீளமாக்குவார்கள். வண்டியை உயர்த்தினால் சக்கரம் சாய்ந்து நிற்கும் என்பதால், உத்தரத்தை அறுத்து, கோணம் மாற்றித் திரும்பப் பற்றவைப்பதும் உண்டு. பின்பக்கத்துக்குப் பெரிய செவ்ரோலே பிக்கப்பின் 63 அங்குல அடுக்குப் பட்டைகளைக் கொண்டுவந்து ரேஞ்சரில் மாட்டுவது அவர்களிடையே பிரபலம். பட்டை நீளமானால் வளைவு மென்மையாகும். நம் பட்டறை மாணவர் இதைக் கேட்டதும், "இதெல்லாம் நாமளும் செய்யுறதுதானே சார்" என்றார்!

ஷாக் அப்சார்பர் பற்றி ஒரு வார்த்தை. ஆற்றல் அழியாது, உருமாறும் என்று ஒன்பதாம் வகுப்பில் படித்தது ஞாபகம் இருக்கிறதா? வண்டியின் குதிப்பு முழுவதும் ஷாக்குக்குள் இருக்கும் எண்ணெயில் வெப்பமாக மாறுகிறது. மணிக்கணக்கில் குதித்தால் எண்ணெய் காய்ந்து நுரைக்கும், ஷாக் செத்துவிடும். அதனால்தான் அந்தக் காலத்தில் ஒரே சக்கரத்துக்கு இரண்டு மூன்று ஷாக் மாட்டினார்கள். இப்போது நைட்ரஜன் வாயு அழுத்தத்தோடு, எண்ணெய்க்குத் தனிக் குப்பி வைத்த தடித்த ஷாக் வருகிறது. ஒரு சாதாரண மனிதரின் பணத்தில் பெரும்பங்கு இதற்கே போய்விடும்.

இன்ஜினைப் பெரிதாக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. அனுபவசாலிகள் கடைசியில்தான் அதைத் தொடுகிறார்கள். ஏர் ஃபில்டரைப் புழுதிக்கு எட்டாத உயரத்தில் வைப்பதும், ரேடியேட்டரைப் பெரிதாக்குவதும், கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிர்விப்பதும் முதலில். ராபர்ட்சனின் ஒற்றை சிலிண்டர் ஞாபகம் இருக்கிறதல்லவா? பிறகு இரண்டு ஸ்டெப்னி, ஜாக்கி, கருவிகள், தண்ணீர். இறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு. நட்டு சுழன்றால் கோடு விலகும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். இருபது பைசா பெயிண்ட் என்று சொல்லலாம். எனக்கு மொத்த வண்டியிலும் பிடித்தது இதுதான்.

இனி எழுதவே கனமாக இருக்கும் ஒரு செய்தி. 2010 ஆகஸ்ட் 14 இரவு, கலிபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் நடந்த ஒரு பந்தயத்தில், மாற்றியமைக்கப்பட்ட ஒரு ஃபோர்டு ரேஞ்சர் ஒரு மேட்டைத் தாண்டிக் கட்டுப்பாடு இழந்து கூட்டத்துக்குள் உருண்டது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எட்டுப் பேர் இறந்தார்கள். ஓட்டியவர் பிழைத்துக்கொண்டார். அவரைச் சுற்றி நான் மேலே சொன்ன கூண்டு இருந்தது. ஓரத்தில் நின்றவர்களுக்குத் தடுப்புக்கூடக் கிடையாது. பாதையிலிருந்து சில அடி தூரத்தில் நின்றிருந்தார்கள். அனுமதி கொடுத்த மத்திய நிலமேலாண்மைத் துறை தன் விதிகளையே சரியாகப் பின்பற்றவில்லை என்று பின்னால் நடந்த ஆய்வு சொன்னது. அதன் பிறகு கெடுபிடி அதிகமானது. சிறு பந்தயக்காரர்கள் சிலர் இதைக் குறையாகப் பேசுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சொந்தக் கையால் ஒரு வண்டியை வேகமாக்குகிறவன், அது தடம் மாறினால் யார் மேல் போய் விழும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். அந்தப் பாலைவனத்தில் வாழும் நில ஆமை அழிவின் பட்டியலில் சேர்ந்த பிறகு பந்தயப் பாதைகளுக்குக் கட்டுப்பாடு வந்ததும் நியாயமே.

அதே 2010ஆம் ஆண்டில்தான் எட் பெர்ல்மனின் மகன் மைக் பெர்ல்மன், தந்தையின் 'மெக்சிகன் 1000' பந்தயத்தை மீண்டும் தொடங்கினார். பழைய வண்டிகளுக்கே அதில் முதல் மரியாதை. ராப்பகலாக ஓட்டுவதில்லை. பல நாட்களாகப் பிரித்து, பகலில் ஓட்டி, ராத்திரி ஓர் ஊரில் தங்குகிறார்கள். இடையில் சில தூரம் சாதாரணத் தார்ச்சாலையில், வேக வரம்புக்கு உட்பட்டு, லாரிகளோடு லாரியாகப் போக வேண்டும். எழுபதுகளில் ஓடிய பிராங்கோக்களும் ஃபோர்டு பிக்கப்புகளும் திரும்ப வருகின்றன. ஓட்டுகிறவர்களில் என் வயதுக்காரர்களும் இருக்கிறார்கள். ராத்திரி தங்கும் இடத்தில் சாப்பாட்டுக்கு முன்னால் டார்ச் அடித்து வண்டிக்கு அடியில் படுத்து, அந்தப் பெயிண்ட் கோடுகள் விலகியிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள்.