கட்டிலில் இருந்தே கல்வராயன் மலை அருவி... நடக்க முடியாதவர்களுக்குக் கைகொடுக்குமா விஆர் பயணம்?

கள்ளக்குறிச்சி மாவட்டம், சின்னசேலம் வட்டத்தில் இருக்கும் நைனார்பாளையத்துக்காரர்களுக்குக் கல்வராயன் மலை ஒன்றும் எட்டாத தூரம் இல்லை. கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறினால் கரியாலூர், வெள்ளிமலை. காலையில் கிளம்பி, அருவியில் குளித்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம்.

ஆனால் இது நடக்க முடிந்தவர்களின் கணக்கு. பக்கவாதம் வந்து வீட்டோடு முடங்கிய பெரியவருக்கோ, முதுகுத்தண்டில் அடிபட்டு வீல்சேரில் இருக்கும் இளைஞருக்கோ அதே மலை வெகு தூரம். பஸ் படிக்கட்டு, பாறை, வழுக்கும் ஈரம், வசதியான கழிப்பறை இல்லாத நிலை... எல்லாம் சேர்ந்து 'நீங்க வீட்டுலயே இருங்க, நாங்க போய்ட்டு வந்துடறோம்' என்பதில் முடிகிறது. இப்படி விடுபட்டுப் போகிறவர்களுக்காகப் பேசப்படுவதுதான் விர்ச்சுவல் ரியாலிட்டி பயணம், சுருக்கமாக விஆர் பயணம். இது எப்படி வேலை செய்கிறது? நம்ம ஊரில் சாத்தியமா? எதில் ஏமாறக் கூடாது? பார்க்கலாம்.

விஆர் பயணம் என்றால் என்ன?

கண்ணை முழுவதும் மூடும் ஒரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, வேறொரு இடத்தில் இருப்பது போன்ற அனுபவத்தைப் பெறுவதுதான் இது. ஹெட்செட்டுக்குள் இரண்டு லென்ஸ்கள் இருக்கும். இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் போகும். தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதில் உள்ள சென்சார் அதைக் கண்டுபிடித்து, அந்தப் பக்கத்துக் காட்சியைக் காட்டும். மேலே பார்த்தால் அருவி கொட்டும் உச்சி, கீழே பார்த்தால் பாறை, திரும்பிப் பார்த்தால் காடு.

இந்தக் காட்சிகளைப் படமெடுப்பது 360 டிகிரி கேமரா. முன்னும் பின்னுமாக இரண்டு அகன்ற லென்ஸ்கள் எடுக்கும் படங்களை ஒட்டி, சுற்றிலும் பார்க்கும்படி ஒரே காட்சியாக மாற்றிவிடும். தலையில் மாட்டும் திரை புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1968-லேயே அமெரிக்காவில் ஐவன் சதர்லேண்ட் இதைச் செய்து காட்டிவிட்டார். கூரையிலிருந்து தொங்கவிட வேண்டிய அளவுக்கு அந்தக் கருவி இருந்தது. செல்போன் வந்த பிறகுதான் அது கைக்கு அடங்கியது. 2014-ல் கூகுள் அறிமுகம் செய்த அட்டைப்பெட்டி 'கார்ட்போர்டு', செல்போனையே விஆர் கருவியாக மாற்றியது.

எத்தனை பேருக்கு இது தேவை?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். அதில் சுமார் 54 லட்சம் பேர் நடமாட்டத்தில் குறைபாடு உள்ளவர்கள். தமிழ்நாட்டில் மொத்தம் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகள். மூட்டுத் தேய்மானத்தால் வாசலைத் தாண்டாத பாட்டியும், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்வதால் வெளியூர் போக முடியாதவரும் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

வெளிநாடுகளில் என்ன நடக்கிறது?

அமெரிக்காவில் 2016-ல் தொடங்கப்பட்ட 'ரெண்டெவர்' நிறுவனம், முதியோர் இல்லங்களில் பலர் ஒரே நேரத்தில் ஒரே இடத்தைப் பார்க்கும்படி விஆர் பயணம் நடத்துகிறது. தெரியாத ஊர்களை மட்டுமல்ல, தாங்கள் வளர்ந்த தெருவையும் முதியவர்கள் அதில் பார்க்கிறார்கள். அந்தத் தெருவைப் பார்த்ததும் பழைய கதைகள் வெளிவரும். பக்கத்தில் இருப்பவர்களோடு பேச்சும் தொடங்கும்.

ஜப்பானில் முதியோர் பராமரிப்பு மையத்தில் வேலை பார்த்த கென்டா தோஷிமா, அங்கிருந்தவர்கள் பார்க்க ஆசைப்பட்ட இடங்களை 360 டிகிரியில் படமெடுத்து வந்து காட்டத் தொடங்கினார். பிறகு நடமாடக்கூடிய முதியவர்களுக்கே படமெடுக்கச் சொல்லிக்கொடுத்தார். போக முடிந்தவர் எடுக்கிறார், போக முடியாதவர் பார்க்கிறார்.

இந்தியாவில்?

2018-ல் மத்திய சுற்றுலா அமைச்சகமும் கூகுளும் இணைந்து ஹம்பி, அமிர்தசரஸ் பொற்கோயில் போன்ற இடங்களைக் காட்டும் 360 டிகிரி படத்தை வெளியிட்டன. 2022 ஜூலையில் கூகுள் ஸ்ட்ரீட் வியூ சென்னை உள்ளிட்ட 10 நகரங்களில் தொடங்கியது. கூகுள் மேப்ஸில் பொதுமக்கள் ஏற்றிய 360 டிகிரி படங்களும் உண்டு. சென்னை ஐஐடியில் விஆர் தொழில்நுட்பத்துக்கென்றே தனி ஆய்வு மையம் இயங்குகிறது.

அதெல்லாம் சரி, வீட்டில் எப்படிப் பார்ப்பது?

பெரிய செலவு இல்லாமலே தொடங்கலாம்.

1. ஹெட்செட் இல்லாமல்: யூடியூபில் '360' என்று சேர்த்து, பார்க்க விரும்பும் இடத்தின் பெயரைத் தேடுங்கள். வீடியோ ஓடும்போது செல்போனைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். கையால் திருப்ப முடியாதவர்களுக்காக உதவிக்கு இருப்பவர் விரலால் நகர்த்தலாம்.

2. அட்டைப்பெட்டி அல்லது பிளாஸ்டிக் விஆர் பெட்டி: சில நூறு ரூபாயில் கிடைக்கும். செல்போனில் 'கைரோஸ்கோப்' சென்சார் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் தலை திரும்பினாலும் காட்சி திரும்பாது.

3. தனி ஹெட்செட்: விலை பல ஆயிரங்களில். ஒரு குடும்பம் வாங்குவதைவிட, ஒரு நூலகமோ முதியோர் இல்லமோ மறுவாழ்வு மையமோ ஒன்று வாங்கி வைத்தால் ஊரே பயன்படுத்தலாம்.

வீடியோவை வைஃபை கிடைக்கும் இடத்தில் முன்கூட்டியே டவுன்லோடு செய்துகொள்வது நல்லது. 360 டிகிரி வீடியோக்கள் டேட்டாவை அதிகம் சாப்பிடும்.

நம்ம மலையை நாமே எடுக்கலாமா?

எடுக்கலாம். தாஜ்மகாலை எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நைனார்பாளையத்துத் தெருவையும், கரியாலூர் படகுத் துறையையும், காட்டுக்குள் நடந்து சேர வேண்டிய மேகம் அருவியையும் நாம்தான் எடுக்க வேண்டும்.

ஒரு விஷயம் முக்கியம். கேமராவை நிற்கும் ஆள் உயரத்தில் வைக்காமல், நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் உயரத்தில் வையுங்கள். பார்ப்பவர் உட்கார்ந்துதானே பார்க்கிறார்? கேமராவோடு நடக்காமல், ஓர் இடத்தில் நிறுத்தி ஓரிரு நிமிடம் ஓடவிடுங்கள். தண்ணீர்ச் சத்தம், பறவைச் சத்தம், கூட வந்தவர்களின் பேச்சு எல்லாம் பதியட்டும். மலையில் வாழும் பழங்குடி மக்களையோ அவர்களின் வீடுகளையோ அனுமதி கேட்காமல் எடுக்காதீர்கள்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

கண் 'நகர்கிறோம்' என்று சொல்லும், சமநிலையைக் காக்கும் உள்காது 'இல்லை, உட்கார்ந்திருக்கிறோம்' என்று சொல்லும். இந்த முரண்பாட்டால்தான் சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வருகின்றன. முதல் முறை 5 நிமிடம் போதும். கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார வைத்து, ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

வலிப்பு நோய் உள்ளவர்கள், பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஹெட்செட் மாட்டக் கூடாது. மறதி நோய் உள்ளவர்களுக்கு, எங்கே இருக்கிறோம் என்ற குழப்பம் வரலாம். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குக் காட்சி கூரைப் பக்கம் போய்விடும்; சில புதிய ஹெட்செட்டுகளில் படுத்தபடி பார்க்கத் தனி வசதி இருக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்குப் பிசியோதெரபிஸ்ட் வந்தால், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இது சிகிச்சையா?

நாள்பட்ட இடுப்பு வலிக்கான ஒரு விஆர் கருவிக்கு அமெரிக்காவின் எஃப்டிஏ 2021 நவம்பரில் அனுமதி தந்தது. ஆனால் அது பயிற்சிகளோடு கூடிய, மருத்துவத்துக்கென உருவாக்கப்பட்ட கருவி. ஊர் சுற்றிக்காட்டும் வீடியோ மனதுக்கு இதம் தரலாம். அதை மருத்துவம் என்று சொல்லி யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

அப்படியானால் சாய்தளம் தேவையில்லையா?

இங்கேதான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 'அதான் ஹெட்செட்டில் பார்க்கலாமே' என்பது பாதை போடாமல் இருக்கச் சாக்காகிவிடக் கூடாது.

சென்னை மெரினாவில் 2022 நவம்பர் 27 அன்று மாற்றுத்திறனாளிகளுக்கான நிரந்தரப் பாதை திறக்கப்பட்டது. கடல் பக்கத்திலேயே இருந்தும் அலையைத் தொட முடியாமல் இருந்தவர்கள் வீல்சேரில் கரை வரை போனார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயலில் பாதை சேதமானது. ஹெட்செட்டில் மெரினாவைக் காட்டினால் போதும் என்று விட்டுவிடாமல், பாதையைச் சரிசெய்தார்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொழுதுபோக்கையும் பண்பாட்டு வாழ்க்கையையும்கூட அவர்களின் உரிமையாகவே சொல்கிறது. அணுகல் வசதிகளுக்கான விதிமுறைகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் கூறியது.

சென்னை ஐஐடியில் உருவான நிறுவனம் ஒன்று, வீல்சேரின் முன்பக்கம் மாட்டினால் மணிக்கு 25 கி.மீ. வேகம் வரை ஓடும் 'நியோபோல்ட்' மோட்டார் இணைப்பை 2021-ல் அறிமுகம் செய்தது. வண்டி தயார்தான். அது போக வழி வேண்டும். கல்வராயன் மலையில் ஒரு காட்சிமுனைக்காவது சாய்தளம், அருகில் வீல்சேர் நுழையும் கழிப்பறை, தாழ்தளப் பேருந்து என்று அமைந்தால் பலருக்கு ஹெட்செட்டே தேவைப்படாது.

சுருக்கமாக...

எந்தப் பாதை போட்டாலும் போக முடியாத உடல்நிலையில் இருப்பவருக்கு விஆர் ஒரு நல்ல ஜன்னல். பாதை போட்டால் போகக்கூடியவருக்கு வேண்டியது வாசல். அடுத்த முறை மலைக்குக் கிளம்பும்போது, வீட்டில் இருப்பவரிடம் 'உங்களுக்கு எதை எடுத்துட்டு வரணும்?' என்று கேட்டுவிட்டுப் போங்கள். அதற்கும் முன்னால், 'நீங்களும் வர்றீங்களா?' என்று கேளுங்கள்.