ஸ்டீவ் என்ற கையெழுத்து

1962ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் ஒரு பெண்மணி தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அமர்ந்து பல நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினார். அவர்களுக்கு வேண்டிய கணிப்பொறி நிரல்களை எழுதித் தருவதாகக் கூறினார். பதில் இல்லை. அடியில் இருந்த 'ஸ்டெபனி' என்னும் பெண் பெயரே காரணமாக இருக்குமோ? கணவரின் யோசனைப்படி, 'ஸ்டீவ்' என்று கையெழுத்திட்டார். பதில்கள் வரத் தொடங்கின!

யார் இந்த ஸ்டெபனி ஷர்லி? 1933இல் ஜெர்மனியில் பிறந்தவர். யூத நீதிபதி ஒருவரின் மகள். நாஜிகளிடமிருந்து தப்பி, 1939இல் ஐந்து வயது அகதியாக இங்கிலாந்து வந்தார். பின்னர் அஞ்சல்துறை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியபடியே, மாலை வகுப்பில் கணிதப் பட்டம் பெற்றார். திறமை இருந்தும், பெண் என்பதால் உயர்வு தடைப்பட்டது. எனவே 6 பவுண்டு மூலதனத்தில் சொந்த நிறுவனம் தொடங்கினார்.

அக்காலத்தில் குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிடுவது பெண்களிடையே வழக்கம். நிரல் எழுதத் தெரிந்த பலரும் இவ்வாறு வீட்டில் இருந்தனர். அவர்களையே ஸ்டெபனி தேடிச் சேர்த்தார்.

நிரல் என்பது என்ன? கணிப்பொறி செய்யவேண்டியதைப் படிப்படியாகக் கூறும் கட்டளைகளின் வரிசை. இதை எழுத அன்று காகிதமும் பென்சிலும் போதும். பக்கத்தில் இயந்திரம் வேண்டியதில்லை. எழுதிய தாள்கள் அஞ்சலில் சென்றன. அங்கே அட்டையிலோ காகித நாடாவிலோ துளைகளாக மாற்றப்பட்டு இயந்திரத்தினுள் புகுந்தன. கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்குரிய நிரலையும் சுமார் 30 பெண்கள் தத்தம் வீட்டிலிருந்தே எழுதினர்.

நிறுவனத்தின் முதல் 300 பணியாளர்களில் ஆண்கள் மூவரே. 1975இல் பிரிட்டனில் பால் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தது. பெண்களுக்குத் துணையாக எழுந்த அச்சட்டத்தால், இங்கே ஆண்களுக்கும் இடம் தரவேண்டியதாயிற்று! பிற்காலத்தில் ஸ்டெபனி தம் பங்குகளைப் பணியாளர்களுடன் பகிர்ந்துகொண்டார். அவர்களில் 70 பேர் கோடீசுவரர் ஆயினர். 2025இல் தமது 91ஆம் வயதில் அவர் மறைந்தார்.

ஒன்றைக் கவனியுங்கள். அப்பெண்களிடம் திறமை முன்பே இருந்தது. அலுவலகம் அவர்களுக்கு ஏற்றதாக இல்லாததால் அது வீணாயிற்று. வேலை வீடு தேடி வந்ததும் பயன்பட்டது. பெண்களுக்குக் கணிப்பொறி கற்பிக்கவேண்டும் என்று இன்று பலரும் கூறுகிறோம். கற்றவர் வேலையில் நிலைத்திருக்க வழி என்ன என்பதையும் சேர்த்தே சிந்திக்கவேண்டும்.